7. தானாக ஏறும் எண்: அடையாளத்துக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று

இரண்டு கவுன்ட்டர்கள் உள்ள ஒரு ஜவுளி மொத்த விற்பனைக் கடைக்கு பில்லிங் மென்பொருள் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர், பில், பில் ஐட்டம் என்று மூன்று அட்டவணைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரைமரி கீ வேண்டும். எதைக் கீயாக வைப்பது?

வாடிக்கையாளர் பெயர் சரிப்படாது. ஒரே ஊரில் நான்கு முருகன் ஸ்டோர்ஸ் இருக்கும். செல்பேசி எண்ணும் நிலையானதல்ல. மாறும், சில சமயம் அண்ணன் தம்பி இரண்டு கடைக்கும் ஒரே எண்ணைக் கொடுப்பார்கள். ஜிஎஸ்டி பதிவு எண் 15 எழுத்து கொண்டது, தனித்தன்மையானது. ஆனால் பதிவு செய்யாத சிறு வியாபாரிக்கு அது இல்லை. கூட்டு நிறுவனம் கம்பெனியாக மாறினால் பான் எண் மாறும். பான் எண்ணை உள்ளடக்கிய ஜிஎஸ்டி எண்ணும் கூடவே மாறும். வெளியுலகத் தகவல் எதுவாக இருந்தாலும் இந்தச் சிக்கல் வரும். அதனால்தான் எந்தப் பொருளும் இல்லாத ஒரு வெறும் எண்ணைத் தரவுத்தளமே உருவாக்கி, அதையே கீயாக வைக்கும் பழக்கம் நிலைத்துவிட்டது.

இந்த எண்ணைப் பற்றி ஒன்றை மட்டும் மனத்தில் பதித்துக்கொண்டால் அத்தியாயத்தில் பாதி முடிந்தது. தரவுத்தளம் தரும் உறுதி ஒன்றே ஒன்றுதான்: ஒருமுறை தந்த எண்ணை இன்னொருவருக்குத் தராது (இதற்கும் உள்ள இரண்டொரு விதிவிலக்குகளைக் கீழே பார்ப்போம்). இடைவெளி விழாது என்றோ, நடந்த வரிசையில் இருக்கும் என்றோ, யாரும் ஊகிக்க முடியாது என்றோ அது சொல்லவே இல்லை. சொல்லாததை எதிர்பார்ப்பதில்தான் தொல்லைகள் எல்லாம் தொடங்குகின்றன.

(கட்டளைச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிப்படி தந்திருக்கிறேன். திரையில் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே தட்டுங்கள்.)

மேக்ஸ் கூட்டல் ஒன்று: செய்யக் கூடாத வழி

புதிதாக எழுதுகிறவர்களுக்கு முதலில் தோன்றும் வழி இது: பில் அட்டவணையில் இப்போதுள்ள மிகப் பெரிய எண்ணை மேக்ஸ் ஃபங்ஷனால் எடு, ஒன்றைக் கூட்டு, புதிய பில்லுக்குப் போடு. நீங்கள் ஒருவர் மட்டும் உட்கார்ந்து சோதிக்கும்வரை எந்தப் பிசகும் தெரியாது. தீபாவளிக் கூட்டத்தில்தான் பல்லிளிக்கும். நடப்பதைப் படிப்படியாகப் பாருங்கள்:

1. முதல் கவுன்ட்டர் மேக்ஸ் கேட்கிறது. பதில் 1041.
2. முதல் கவுன்ட்டரின் பில் கமிட் ஆகும் முன்பே இரண்டாம் கவுன்ட்டரும் கேட்கிறது. பதில் அதே 1041.
3. இருவரும் ஒன்றைக் கூட்டி 1042 என்று இன்ஸர்ட் செய்கிறார்கள்.

அந்தப் புலத்தில் யுனிக் கட்டுப்பாடு இருந்தால் இரண்டாமவருக்குப் பிழைச் செய்தி வரும், வாடிக்கையாளர் நின்றுகொண்டிருப்பார். கட்டுப்பாடு இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். 1042 என்று இரண்டு பில் உருவாகும், யாருக்கும் தெரியாது, மாதக் கடைசியில் கணக்குப்பிள்ளைதான் கண்டுபிடிப்பார்.

'எல்லாவற்றையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் போட்டால் போதுமே' என்று தோன்றலாம். போதாது. பல தரவுத்தளங்களின் இயல்பு நிலையான ரீட் கமிட்டெடில், கமிட் ஆகாத அடுத்தவர் பதிவு உங்கள் கண்ணுக்குத் தெரியாது. அதனால் மேலே சொன்ன இரண்டாம் படி அப்படியே நடக்கும். சீரியலைசபிள் நிலைக்கு ஏற்றினால் தவறான எண் விழாது. ஆனால் இருவரில் ஒருவரின் டிரான்ஸாக்‌ஷன் தோற்கும், அதை மறுபடி ஓட்டும் நிரலை நீங்கள்தான் எழுத வேண்டும்.

இதே வழிக்கு இன்னொரு குறையும் உண்டு. கடைசிப் பதிவை அழித்துவிட்டால் அடுத்து வருகிறவருக்கு அழிந்தவரின் எண் போய்விடும். பழைய அச்சுத் தாளிலும் லாக் கோப்பிலும் 1042 என்று இருப்பது இப்போது வேறொருவரைக் காட்டும்.

தரவுத்தளம் எப்படிச் செய்கிறது?

வங்கியில் டோக்கன் இயந்திரம் இருக்கிறதல்லவா? பொத்தானை அழுத்தினால் 57 வரும். நீங்கள் பணம் கட்டினாலும், கட்டாமல் வீட்டுக்குப் போய்விட்டாலும் அடுத்தவருக்கு 58தான். தரவுத்தளத்தின் எண்ணியும் இதே முறையில்தான் ஓடுகிறது. கேட்டவருக்கு ஓர் எண்ணைக் கொடுத்து உடனே நகர்ந்துவிடுகிறது. வாங்கியவர் கமிட் செய்தாரா, ரோல்பேக் செய்தாரா என்று காத்திருப்பதில்லை.

காத்திருக்காததால்தான் நூறு பேர் ஒரே நேரத்தில் கேட்டாலும் வேகம் குறைவதில்லை. அதே காரணத்தால்தான் இடைவெளியும் விழுகிறது. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ள வழியில்லை.

எந்தத் தரவுத்தளத்தில் எப்படி?

மைஎஸ்க்யூஎல், மரியாடிபி: புலத்தை அறிவிக்கும்போது ஆட்டோ இன்கிரிமென்ட் என்று சேர்த்தால் போதும். ஓர் அட்டவணைக்கு ஒரு புலத்துக்கு மட்டுமே இதைத் தரலாம். அந்தப் புலம் ஓர் இண்டெக்ஸில் இடம்பெற்றிருக்க வேண்டும். இன்ஸர்ட் செய்யும்போது புலத்தின் பெயரையே விட்டுவிடுங்கள். நல் அல்லது சுழியம் கொடுத்தாலும் புது எண்தான் வரும். பழைய சர்வர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மைஎஸ்க்யூஎல் 5.7 வரை, அதன் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி இந்த எண்ணியை நினைவகத்தில் மட்டுமே வைத்திருந்தது. சர்வரை நிறுத்திக் கிளப்பினால் அட்டவணையின் மேக்ஸ் மதிப்பைப் பார்த்து அங்கிருந்து தொடரும். கடைசிப் பதிவுகளை அழித்த பிறகு மறுதொடக்கம் செய்தால் அழிந்த எண்கள் மீண்டும் தலைகாட்டும். 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான் எண்ணியை வட்டில் பதிந்துவைக்கத் தொடங்கினார்கள்.

போஸ்ட்கிரெஸ்: இங்கே எண்ணி என்பது அட்டவணையின் பகுதி அல்ல; சீக்வென்ஸ் என்ற தனிப் பொருள். நெக்ஸ்ட்வால் என்று கேட்டால் அடுத்த எண் வரும். பழைய நூல்களில் சீரியல் என்ற வகையைப் பார்ப்பீர்கள். அது ஒரு குறுக்குவழி மட்டுமே: ஓர் இன்டிஜர் புலம், ஒரு சீக்வென்ஸ், அந்தச் சீக்வென்ஸிலிருந்து எடுக்கும்படி ஒரு டீஃபால்ட், மூன்றையும் சேர்த்துக் கட்டித் தரும். 2017இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து எஸ்க்யூஎல் தரநிலையில் உள்ள ஐடென்டிட்டி வகை கிடைக்கிறது. புதிதாக எழுதினால் இதையே பயன்படுத்துங்கள். இதில் இரண்டு வகை உண்டு. ஜெனரேட்டட் ஆல்வேஸ் என்றால் கையால் எண் கொடுப்பதைத் தடுக்கும். பை டீஃபால்ட் என்றால் கொடுத்தால் ஏற்கும், கொடுக்காவிட்டால் தானே போடும். முதல் வகையே பாதுகாப்பு.

ஆரக்கிள்: சீக்வென்ஸ் இங்கே வெகுகாலமாக இருக்கிறது. 2013இல் 12சி வரும்வரை அதை அட்டவணையோடு இணைக்கத் தனியாக ஒரு டிரிகர் எழுத வேண்டியிருந்தது. இப்போது ஐடென்டிட்டி உண்டு. சீக்வென்ஸ் இயல்பாகவே 20 எண்களை முன்கூட்டி எடுத்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். சர்வர் திடீரென்று நின்றால் மீதி எண்கள் போனவை போனவைதான்.

எஸ்க்யூஎல் சர்வர்: ஐடென்டிட்டி என்று எழுதி, தொடக்க எண்ணையும் ஏறும் படியையும் தரலாம். 2012 பதிப்பில் சீக்வென்ஸும் சேர்ந்தது. அதே பதிப்பிலிருந்து, சர்வர் எதிர்பாராமல் நின்று கிளம்பினால் இன்ட் புலத்தில் எண் ஆயிரம் தாவுவதைப் பார்க்கலாம். 57க்குப் பிறகு ஆயிரத்தைத் தாண்டிய எண் வந்தால் யாரும் கைவைக்கவில்லை, முன்கூட்டி எடுத்த எண்கள் போய்விட்டன என்று பொருள். 2017 பதிப்பில் இதை அணைக்கும் வசதி வந்தது.

எஸ்க்யூலைட்: செல்பேசிச் செயலிகளில் இதுதான் பெரும்பாலும். இன்டிஜர் பிரைமரி கீ என்று அறிவித்தாலே எண் தானாக விழும்; ஆட்டோஇன்கிரிமென்ட் என்ற சொல் தேவையில்லை. ஆனால் அப்படி விட்டால் இருப்பதில் பெரிய எண்ணோடு ஒன்றைக் கூட்டித்தான் தரும், எனவே கடைசிப் பதிவை அழித்தால் அதன் எண் மறுபடி வரும். அந்தச் சொல்லைச் சேர்த்தால் பழைய எண் திரும்ப வராது. இன்னொன்று: இன்டிஜர் என்று முழுமையாக எழுதுங்கள். இன்ட் பிரைமரி கீ என்று சுருக்கினால் எண் தானாக விழாது. புலம் நல் ஆகவே நிற்கும், பிழைச் செய்தியும் வராது.

விழுந்த எண்ணைத் திரும்ப வாங்குவது

பில்லைச் சேமித்தவுடன் அதன் எண் கையில் வேண்டும். அப்போதுதான் பில் ஐட்டங்களை அதனோடு இணைக்க முடியும். இங்கேயும் மேக்ஸ் கேட்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. இடையில் அடுத்த கவுன்ட்டர் ஒரு பில்லைச் சேமித்துவிட்டால் உங்கள் வேட்டிகள் எல்லாம் அவருடைய பில்லில் ஏறிவிடும்.

மைஎஸ்க்யூஎல்லில் லாஸ்ட் இன்ஸர்ட் ஐடி என்ற ஃபங்ஷன் இருக்கிறது. உங்கள் இணைப்பில் கடைசியாக விழுந்த எண்ணையே தரும். அடுத்தவர் என்ன செய்தாலும் அது மாறாது. இன்ஸர்ட்டும் இந்தக் கேள்வியும் ஒரே இணைப்பில் போக வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. கனெக்‌ஷன் பூல் வைத்திருப்பவர்கள் இதில்தான் இடறுவார்கள். ஒரே இன்ஸர்ட்டில் பத்துப் பதிவுகளைப் போட்டால் அது தருவது முதல் பதிவின் எண், கடைசிப் பதிவின் எண் அல்ல.

போஸ்ட்கிரெஸிலும் ஆரக்கிளிலும் இன்ஸர்ட் கட்டளையின் வாலிலேயே ரிட்டர்னிங் சேர்க்கலாம். எண் கையோடு திரும்பி வரும். தனியாகக் கேட்க வேண்டியதில்லை. எஸ்க்யூஎல் சர்வரில் ஸ்கோப் ஐடென்டிட்டியைப் பயன்படுத்துங்கள். இரட்டை அட் குறியோடு வரும் பழைய ஐடென்டிட்டியைத் தொட வேண்டாம். பில் அட்டவணையில் ஒரு டிரிகர் இருந்து, அது தணிக்கை அட்டவணையில் ஒரு பதிவு போட்டால், பழையது தருவது அந்தத் தணிக்கைப் பதிவின் எண்ணை.

இடைவெளி ஏன் விழுகிறது?

ரோல்பேக் ஆன டிரான்ஸாக்‌ஷன், யுனிக் கட்டுப்பாட்டில் மோதித் தோற்ற இன்ஸர்ட், நினைவகத்தில் எடுத்துவைத்த எண்களோடு நின்றுபோன சர்வர், பின்னால் அழிக்கப்பட்ட பதிவு: நான்கும் இடைவெளியை உண்டாக்கும். மைஎஸ்க்யூஎல்லில் ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட் பயன்படுத்தினால் ஐந்தாவது காரணமும் சேரும். பதிவு ஏற்கெனவே இருந்து அப்டேட் மட்டும் நடந்தாலும் ஓர் எண் செலவாகிவிடும். தினமும் விலைப்பட்டியலை இப்படிப் புதுப்பிக்கும் அட்டவணையில் சில நூறு பொருட்களுக்கு எண் லட்சங்களில் நிற்பதைப் பார்க்கலாம்.

அடையாள எண்ணில் இடைவெளி விழுந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. விழுந்த ஓட்டையைத் தேடிப் புது ஆளை உட்கார வைக்கும் நிரலை எழுதாதீர்கள். பழைய ஆளின் எச்சம் எங்காவது இருந்தே தீரும்.

எண் வரிசையும் நடந்த வரிசையும்

இதைப் பலர் கவனிப்பதில்லை. முதல் கவுன்ட்டர் 501ஐ வாங்குகிறது. பெரிய பில், நாற்பது ஐட்டம், நேரம் எடுக்கிறது. இரண்டாம் கவுன்ட்டர் 502ஐ வாங்கி உடனே கமிட் செய்துவிடுகிறது. அந்தக் கணத்தில் அட்டவணையைப் பார்த்தால் 500, 502 மட்டுமே தெரியும். சிறிது நேரம் கழித்தே 501 தோன்றும்.

இப்போது ஒரு சின்ன நிரல் நிமிடத்துக்கு ஒருமுறை புதிய பில்களைக் கணக்கு மென்பொருளுக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'கடைசியாக அனுப்பிய எண்ணை விடப் பெரியவை எல்லாம்' என்பது அதன் விதி. மேலே சொன்ன கணத்தில் அது ஓடினால் 502ஐ அனுப்பிவிட்டு, அடுத்த முறை 503இலிருந்து தேடும். 501 ஒருநாளும் போகாது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. நாற்பது ஐட்டம் கொண்ட பெரிய பில்தான் தவறும், ஏனென்றால் அதுதான் மெதுவாகச் சேமிக்கப்பட்டது.

தீர்வு எளிது. பில் அட்டவணையில் 'அனுப்பியாயிற்றா' என்று ஒரு புலம் வையுங்கள். அனுப்பாதவற்றை எடுத்து, அனுப்பி, குறியிடுங்கள். எண்ணின் பெரிது சிறிதை நம்ப வேண்டிய தேவையே இருக்காது.

பில் எண்: இடைவெளி கூடாத இடம்

சட்டம் வேறு விதமாகக் கேட்கும் இடமும் உண்டு. மத்திய ஜிஎஸ்டி விதிகள் 2017இன் 46ஆம் விதிப்படி, வரி இன்வாய்ஸில் தொடர் வரிசை எண் இருக்க வேண்டும். அது 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு நிதியாண்டுக்குள் தனித்தன்மையாக இருக்க வேண்டும். எழுத்து, எண், சிறு கோடு, சாய்கோடு மட்டுமே வரலாம். ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்களை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு.

தானியங்கி எண்ணை நேரே இன்வாய்ஸ் எண்ணாக அச்சடித்தால், ரோல்பேக் ஆன ஒவ்வொரு பில்லும் தொடரில் ஓர் ஓட்டை. தணிக்கைக்கு வருகிறவர் '1043 எங்கே?' என்று கேட்பார். சர்வர் மறுதொடக்கம் ஆனது என்று அவரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே இரண்டையும் பிரித்துவிடுங்கள். அடையாள எண் உள்ளுக்குள் இணைப்புக்காக. பில் எண் தனிப் புலத்தில், தனி முறையில்.

முறை இது. தொடர், நிதியாண்டு, கடைசி எண் என மூன்று புலங்களோடு ஓர் எண்ணி அட்டவணை அமையுங்கள். ஒரு தொடருக்கும் ஒரு நிதியாண்டுக்கும் ஒரே பதிவு. பில் சேமிக்கும்போது:

1. டிரான்ஸாக்‌ஷனைத் தொடங்குங்கள்.
2. வாடிக்கையாளர் விவரம், சரக்கு இருப்பு என்று சரிபார்க்க வேண்டிய அனைத்தையும் முதலில் முடியுங்கள்.
3. எண்ணி அட்டவணையில் உரிய பதிவின் கடைசி எண்ணை ஒன்று கூட்டி அப்டேட் செய்யுங்கள். அந்தப் பதிவு உங்கள் பெயரில் லாக் ஆகும்.
4. கூட்டிய எண்ணைப் படித்துப் பில்லில் போட்டு, பில்லையும் ஐட்டங்களையும் இன்ஸர்ட் செய்யுங்கள்.
5. கமிட் செய்யுங்கள். லாக் விடுபடும்.

இடையில் எது தோற்றாலும் ரோல்பேக்கில் எண்ணியும் பழைய நிலைக்குத் திரும்பும். எனவே ஓட்டை விழாது. இதற்கு விலை காத்திருப்பு. நீங்கள் கமிட் செய்யும்வரை அதே தொடரில் பில் போடும் அடுத்த கவுன்ட்டர் மூன்றாம் படியில் நிற்கும். அதனால்தான் அந்தப் படியைக் கூடியவரை பின்னால் தள்ளியிருக்கிறோம். எண்ணை வாங்கிய பிறகு அச்சடிப்பதோ, பணம் வாங்கும் திரைக்குக் காத்திருப்பதோ டிரான்ஸாக்‌ஷனுக்குள் கூடாது. கூட்டம் அதிகமென்றால் கவுன்ட்டருக்கு ஒரு தொடர் கொடுத்துவிடுங்கள். விதியே இடம் தருகிறது. 1/25-26/000123 என்று எழுதினால் 14 எழுத்து, வரம்புக்குள் அடங்கும்.

இன்னும் சில கவனங்கள். தொடர், நிதியாண்டு, எண் மூன்றையும் சேர்த்து யுனிக் கட்டுப்பாடு போடுங்கள். யாராவது வேறு வழியில் பில்லை நுழைத்தாலும் இரட்டிப்பு நிகழாது. ரத்தான பில்லை அழிக்காமல் 'ரத்து' என்று குறியிடுங்கள். ஏப்ரல் 1க்கு முன்பே புது நிதியாண்டின் பதிவை எண்ணி அட்டவணையில் சேர்த்துவையுங்கள். மூன்றாம் படியின் அப்டேட் எந்தப் பதிவையும் தொடவில்லை என்றால் அதைப் பிழையாகக் கொண்டு நிறுத்துங்கள். நிதியாண்டைப் பில் தேதியிலிருந்து கணக்கிடுங்கள், சர்வர் கடிகாரத்திலிருந்து அல்ல. மேகச் சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி நேரத்தில் ஓடும்; நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஏப்ரல் 1 அதிகாலை 5 மணிக்குப் போட்ட பில் பழைய ஆண்டில் போய் உட்காரும்.

எத்தனை இலக்கம் வரை போகும்?

நான்கு பைட் கொண்ட இன்ட் புலத்தின் உச்சம் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. வாடிக்கையாளர் அட்டவணைக்கு இது ஏராளம். ஆனால் ஒவ்வொரு சிறு நிகழ்வையும் பதியும் அட்டவணைக்கு? நொடிக்கு 100 பதிவு விழுந்தால் 249 நாளில் தீர்ந்துவிடும்.

2018 நவம்பர் 8 அன்று பேஸ்கேம்ப் என்ற திட்ட மேலாண்மைச் சேவைக்கு இதுதான் நடந்தது. பயனர் செயல்களைப் பதியும் அட்டவணையின் எண் இந்த உச்சத்தைத் தொட்டது. அதன்பின் ஒரு பதிவும் ஏறவில்லை. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் வாடிக்கையாளர்கள் பழையதைப் படிக்க முடிந்ததே தவிரப் புதிதாக எதையும் எழுத முடியவில்லை. அவர்கள் பயன்படுத்திய ரெயில்ஸ் கட்டமைப்பு 2017இல் வந்த 5.1 பதிப்பிலேயே புதிய அட்டவணைகளுக்கு எட்டு பைட் பிக்இன்ட்டை இயல்பாக்கியிருந்தது. ஆனால் ஏற்கெனவே இருந்த அட்டவணைகள் தாமாக மாறுவதில்லை.

பிக்இன்ட்டின் உச்சம் 19 இலக்க எண். நொடிக்குப் பத்து லட்சம் பதிவு போட்டாலும் 2,92,000 ஆண்டுக்கு வரும். கூடுதல் செலவு பதிவுக்கு நான்கு பைட், ஒரு கோடிப் பதிவுக்கு 40 எம்பி. புதிய அட்டவணை என்றால் யோசிக்காமல் பிக்இன்ட் வையுங்கள். அதைச் சுட்டும் ஃபாரின் கீ புலங்களையும் பிக்இன்ட் ஆக்க மறக்காதீர்கள். தாய் அட்டவணையில் இடமிருந்தும் பிள்ளை அட்டவணையில் எண் கொள்ளாமல் நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும் பழைய அட்டவணைகளுக்கு, எண் உச்சத்தில் பாதியைத் தாண்டினால் எச்சரிக்கை அனுப்பும் சிறு நிரல் ஒன்றை வாரம் ஒருமுறை ஓடவிடுங்கள்.

பழைய தரவை ஏற்றிய பிறகு

எக்செல்லிலிருந்தோ பழைய மென்பொருளிலிருந்தோ 8,000 வாடிக்கையாளர்களை அவர்களுடைய பழைய எண்களோடு போஸ்ட்கிரெஸில் ஏற்றுகிறீர்கள். ஏற்றம் நன்றாக முடிகிறது. மறுநாள் முதல் புது வாடிக்கையாளரைச் சேர்த்தால் டூப்ளிகேட் கீ என்று பிழை. மறுபடி முயன்றால் மறுபடியும் பிழை. காரணம், நீங்கள் எண்களைக் கையால் கொடுத்தீர்கள். சீக்வென்ஸுக்கு அது தெரியாது. அது இன்னும் 1, 2 என்று தந்துகொண்டிருக்கிறது. ஏற்றம் முடிந்தவுடன் செட்வால் கொண்டு சீக்வென்ஸை அட்டவணையின் மேக்ஸ் மதிப்புக்கு நகர்த்துங்கள். மேக்ஸுக்கு உரிய இடம் இதுதான்: யாரும் வேலை செய்யாத நேரத்தில், ஒரே ஒருமுறை.

மைஎஸ்க்யூஎல் பெரிய எண்ணைக் கண்டால் எண்ணியைத் தானே மேலே நகர்த்திக்கொள்ளும். எஸ்க்யூஎல் சர்வரில் ஐடென்டிட்டி இன்ஸர்ட்டை ஆன் செய்தால்தான் கையால் எண் கொடுக்கவே முடியும். ஏற்றம் முடிந்ததும் ஆஃப் செய்துவிடுங்கள்.

ஒரு சர்வர் போதாதபோது

இரண்டு மைஎஸ்க்யூஎல் சர்வர்கள் இரண்டிலும் எழுத வேண்டுமானால், ஏறும் படியை 2 ஆக்கி, ஒன்றை 1இலும் மற்றதை 2இலும் தொடங்கச் செய்யலாம். ஒன்று ஒற்றைப்படை, மற்றது இரட்டைப்படை. சில சர்வர்களுக்கு இது சரி. நூற்றுக்கணக்கில் போனால் ட்விட்டர் 2010இல் அறிவித்த ஸ்னோஃபிளேக் முறை பொருந்தும். 64 பிட் எண்ணில் 41 பிட் மில்லிநொடி நேரம், 10 பிட் இயந்திர எண், 12 பிட் அந்த மில்லிநொடிக்குள் வரிசை. யாரையும் கேட்காமல் ஒவ்வோர் இயந்திரமும் மில்லிநொடிக்கு 4,096 எண்களை உருவாக்கிக்கொள்ளும். இவ்வளவு பெரிய எண்ணை உலாவிக்கு அனுப்பும்போது சரமாக அனுப்புங்கள். 16 இலக்கத்தைத் தொட்டபின் ஜாவாஸ்கிரிப்ட்டின் எண் வகையில் கடைசி இலக்கங்கள் பிசகிவிடும்.

செல்பேசியில் இணையமில்லாமல் பதிவு செய்து பிறகு சேர்க்கும் செயலிகளுக்கு யூயூஐடி ஏற்றது. 128 பிட். பழக்கத்தில் உள்ள 4ஆம் வகை கிட்டத்தட்ட முழுக்கத் தற்செயல் எண் என்பதால் இண்டெக்ஸின் எல்லா மூலைகளிலும் சிதறி விழுந்து எழுதும் வேகத்தைக் குறைக்கும். 2024 மே மாதம் தரப்படுத்தப்பட்ட 7ஆம் வகை நேரத்தை முன்னால் வைப்பதால் ஏறக்குறைய வரிசையாகவே விழும். 2025இல் வந்த போஸ்ட்கிரெஸ் 18இல் இதை உருவாக்கும் ஃபங்ஷன் உள்ளேயே இருக்கிறது.

எண் வெளியே சொல்லும் சேதி

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி மாதம் எத்தனை டாங்கி செய்கிறது என்று அறிய நேச நாடுகள் தவித்தன. உளவுத் தகவலின்படி 1942 ஆகஸ்டில் 1,550. கைப்பற்றிய டாங்கிகளின் வரிசை எண்களை வைத்துக் கணக்கிட்டவர்கள் சொன்னது 327. போருக்குப் பின் கிடைத்த ஜெர்மன் ஆவணத்தில் இருந்தது 342.

உங்கள் ஆர்டர் எண்ணை வாடிக்கையாளருக்குக் காட்டினால் இதே கணக்கைப் போட்டியாளர் போடலாம். மாதத் தொடக்கத்தில் ஒரு ஆர்டர், முடிவில் ஒரு ஆர்டர், கழித்தால் மாத விற்பனை. முகவரிப் பட்டையில் 1042 இருந்தால் 1043 என்று மாற்றிப் பார்க்கும் ஆசையும் யாருக்கும் வரும். இரண்டாவதற்கு மருந்து எண்ணை மறைப்பது அல்ல. கேட்பவருக்கு அந்தப் பில்லைப் பார்க்கும் உரிமை உண்டா என்று சர்வர் ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பது. அதைச் செய்த பிறகு, வெளியே காட்டுவதற்கு மட்டும் ஒரு தற்செயல் குறியீட்டைத் தனிப் புலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இணைப்புகள் பழைய சிறிய எண்ணிலேயே இருக்கட்டும்.

செய்து பாருங்கள்

1. இரண்டு முனையச் சாளரங்களைத் திறந்து, ஒரே அட்டவணையில் இரண்டிலும் டிரான்ஸாக்‌ஷனைத் தொடங்குங்கள். முதலில் இன்ஸர்ட் செய்தவரைக் கடைசியில் கமிட் செய்யுங்கள். ஒவ்வொரு படியிலும் மூன்றாவது சாளரத்திலிருந்து அட்டவணையைப் பாருங்கள்.
2. ஐந்து இன்ஸர்ட் செய்து ரோல்பேக் செய்யுங்கள். ஆறாவதைக் கமிட் செய்து, விழுந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.
3. எண்ணி அட்டவணையை அமைத்து, ஒரு சாளரத்தில் மூன்றாம் படியோடு நிறுத்துங்கள். மற்றதில் அதே தொடரில் பில் போட்டுப் பாருங்கள். பிறகு வேறு தொடரில். எது காத்திருக்கிறது, எது உடனே முடிகிறது?
4. நீங்கள் இப்போது பராமரிக்கும் தரவுத்தளத்தில், எந்த அட்டவணைகளின் கீ இன்னும் நான்கு பைட்டில் இருக்கிறது என்று பட்டியல் எடுங்கள். பெரிய எண் உள்ள அட்டவணை மேலே வரும்படி அடுக்குங்கள். மாற்ற வேண்டிய வரிசை அதுவே.